போட்டோ எடுத்து ஆன்லைனில் விற்பது: சேலம், ஏற்காடு நண்பர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வேலைக்குப் போய்க்கொண்டே ஓய்வு நேரத்தில் போட்டோ எடுத்து இணையத்தில் விற்கிறேன். இது வெளியே தெரிந்ததிலிருந்து ஐந்து ரோடு டீக்கடையிலும், கல்யாண மண்டபத்திலும், சொந்தக்காரர்கள் வாட்ஸ்அப் குழுவிலும் அதே கேள்விகள்தான். தனித்தனியாகச் சொல்லி மாளவில்லை என்பதால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவிட்டேன். கேட்டவர்களின் வார்த்தையிலேயே கேள்விகள் இருக்கின்றன. முதலில் எளிய சந்தேகங்கள், போகப்போக வில்லங்கமானவை.

நிஜமாவே போட்டோவுக்கு யாராவது காசு குடுப்பாங்களா?

கொடுக்கிறார்கள். பாடப்புத்தகம் போடுபவர், செய்தித்தளம் நடத்துபவர், மசாலா பாக்கெட் வடிவமைப்பவர், வங்கிக்கு விளம்பரம் செய்பவர் என்று பலருக்கும் தினமும் படம் வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஆள் அனுப்பி எடுத்துக்கொண்டிருக்க முடியாது. அதனால் ஏற்கெனவே எடுத்துச் சேர்த்து வைத்திருக்கும் தளங்களில் தேடி வாங்குகிறார்கள். இவற்றை ஸ்டாக் தளங்கள் என்பார்கள். ஷட்டர்ஸ்டாக், அடோபி ஸ்டாக், கெட்டி நிறுவனத்தின் ஐஸ்டாக், அலாமி, டிரீம்ஸ்டைம் ஆகியவை பலருக்கும் தெரிந்த பெயர்கள்.

வாங்குபவருக்குக் கிடைப்பது படத்தைப் பயன்படுத்தும் அனுமதி மட்டும். காப்புரிமை உங்களிடமே இருக்கும். ஆகவே ஒரே படம் நூறு பேருக்கும் விற்கலாம், ஒருவருக்குமே விற்காமலும் கிடக்கலாம்.

மாசம் எவ்வளவுண்ணா வரும்? வேலைய விட்டுட்டு இதையே பண்ணலாமா?

வேலையை விடாதீர்கள். முதலில் கணக்கைப் பாருங்கள். அடோபி ஸ்டாக்கில் போட்டோ விற்ற தொகையில் 33 சதவீதம் உங்களுக்கு. ஐஸ்டாக்கில், அங்கே மட்டும் விற்பேன் என்று ஒப்பந்தம் போடாதவருக்கு 15 சதவீதம். ஷட்டர்ஸ்டாக்கில் 2020 ஜூனிலிருந்து படிநிலை முறை. 15 சதவீதத்தில் ஆரம்பித்து, விற்பனை கூடக்கூட 40 வரை ஏறும். ஆனால் ஒவ்வொரு ஜனவரி 1 அன்றும் எல்லோரும் திரும்ப முதல் படிக்கே வந்துவிடுவார்கள். இந்த ஒரு விதியை நினைத்தால் எனக்கு இன்னும் எரிச்சல் வருகிறது.

வாங்குபவர்களில் பெரும்பாலோர் மாதச் சந்தா கட்டியவர்கள். அவர்கள் ஒரு படத்தை இறக்கினால் நமக்கு வருவது சில சென்ட்டுகள்தான். ஷட்டர்ஸ்டாக்கில் குறைந்தபட்சம் 10 சென்ட், அதாவது பத்து ரூபாய்கூடத் தேறாது. அபூர்வமாக ஒரு பெரிய உரிமம் விற்றால் சில நூறு, சில ஆயிரம் என்று வரும். ஐம்பது படம் போட்டுவிட்டு வண்டிக்கு மாதத் தவணை கட்டிவிடலாம் என்று நினைப்பவர்களுக்கு இது சரிப்பட்டு வராது. காசு வந்தாலும் வராவிட்டாலும் கேமராவும் கையுமாகச் சுற்றுகிறவருக்கு இது நல்ல உபரி வருமானம்.

போன் கேமரா போதுமா, இல்ல பெரிய கேமரா வாங்கணுமா?

போதும். ஷட்டர்ஸ்டாக்கும் அடோபியும் கேட்பது குறைந்தது 4 மெகாபிக்சல். இன்றைக்கு எந்த போனும் அதைத் தாண்டும். சிக்கல் வெளிச்சம் குறைந்த இடத்தில்தான். இரவில் எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் புள்ளி புள்ளியாக இரைச்சல் தெரியும், அல்லது போனே அதை மழுப்பி மெழுகு பூசியது போலாக்கியிருக்கும். இரண்டையும் திருப்பி அனுப்புவார்கள்.

போனில் எடுப்பவர்கள் முதலில் ஓரத்தில் விழும் போன் பெயர், தேதி முத்திரை இரண்டையும் அணைத்துவிடுங்கள். போர்ட்ரெய்ட் மோடு வேண்டாம், முடி ஓரத்திலும் இலை ஓரத்திலும் வெட்டு தெரியும். விரலால் விரித்து ஜூம் செய்யாதீர்கள், நடந்து கிட்டே போங்கள். லென்ஸைச் சட்டையில் துடைத்துவிட்டு எடுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பி கம்ப்யூட்டருக்கு மாற்றாதீர்கள். அது சுருக்கிவிடும். கேபிள் போடுங்கள், அல்லது டிரைவில் ஏற்றுங்கள். கடன் வாங்கி கேமரா வாங்குவது பற்றி என்னிடம் கேட்கவே வேண்டாம்.

சேர்றதுக்கு எவ்வளவு கட்டணும்?

ஒரு ரூபாயும் கட்ட வேண்டாம். மின்னஞ்சல், அடையாள அட்டை, பான், வங்கிக் கணக்கு இருந்தால் போதும். வயது 18 நிறைந்திருக்க வேண்டும். பள்ளிப் பிள்ளைகள் எடுத்த படத்தை என்ன செய்வது என்பதைத் தளத்தின் விதியைப் படித்துவிட்டுப் பெற்றோர் முடிவு செய்யட்டும்.

பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், 'பிரீமியம் விற்பனையாளர்' கட்டணம் என்று எவராவது டெலிகிராமில் கேட்டால் அது ஏமாற்று. 'உங்கள் படத்தை வாங்குகிறேன், பணம் அனுப்ப இந்த கியூஆர் கோடை ஸ்கேன் செய்து பின் போடுங்கள்' என்பதும் அப்படித்தான். நமக்குப் பணம் வருவதற்கு யுபிஐ பின் எப்போதும் தேவைப்படாது.

ஏற்காடு ஏரி, லேடீஸ் சீட், பகோடா பாயின்ட் எல்லாம் நூத்துக்கணக்குல வச்சிருக்கேன். போட்டா ஓடுமா?

போடலாம், பெரிதாக ஓடாது. ஏரியில் படகு நிற்கும் படம் ஏற்கெனவே குவிந்து கிடக்கிறது. லேடீஸ் சீட்டிலிருந்து ராத்திரியில் தெரியும் சேலம் விளக்குகளும் அப்படியே. அழகான படத்துக்கும் விற்கும் படத்துக்கும் சம்பந்தம் குறைவு. வாங்குபவர் ஒரு கட்டுரையையோ விளம்பரத்தையோ மனதில் வைத்துத் தேடுகிறார். 'அழகான மலை' என்று தேடினால் அவருக்கு சுவிட்சர்லாந்தே கிடைக்கும்.

அதே மலைப்பாதையில் வேறு படங்கள் இருக்கின்றன. 20 கொண்டை ஊசி வளைவுகளில் ஒன்றில் பகலிலேயே முகப்பு விளக்கு போட்டுக்கொண்டு பனிமூட்டத்தில் இறங்கும் பேருந்து, மழைக்குச் சரிந்து ரோட்டில் கிடக்கும் பாறை, சில்வர் ஓக் மரத்தைச் சுற்றி ஏறும் மிளகுக் கொடி. சாலைப் பாதுகாப்பு, பருவமழை, மலைப்பயிர் என்று எழுதுபவர்களுக்கு இவை தேவைப்படும்.

அப்ப என்னத்தத்தான் எடுக்கறது? நம்மூர்ல என்ன இருக்கு?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் பெரும்பாலும் செவ்வாய்ப்பேட்டையிலோ அம்மாப்பேட்டையிலோ உட்கார்ந்துகொண்டுதான் கேட்கிறார்கள்! வெளியூர் போட்டோகிராபர் ஒருவன் விமானம் ஏறி வந்தாலும் எளிதில் நுழைய முடியாத இடங்கள் நமக்குப் பக்கத்துத் தெருவில் இருக்கின்றன. செவ்வாய்ப்பேட்டை, பனங்காடு, சிவதாபுரம் பக்கம் வெள்ளிக் கொலுசுப் பட்டறைகள். கொண்டலாம்பட்டியில் தறிகள். ஆத்தூர் பக்கம் சேகோ ஆலைகள், அதாவது ஜவ்வரிசி ஆலைகள். சேலம் ஜவ்வரிசிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதன் பிறகு அதைப் பற்றி எழுதுபவர்களுக்குப் படம் வேண்டுமா இல்லையா?

ஒரே பொருளைத் தொடராக எடுங்கள். ஜவ்வரிசி என்றால், அதற்கு மூலமான குச்சிக்கிழங்கை (மரவள்ளி) மண்ணோடு பிடுங்குவது, லாரியில் குவிப்பது, தோல் நீக்கியது, அரைத்த பால் தொட்டியில் தெளிவது, மாவு, உருட்டிய மணி, களத்தில் காய்வது, மூட்டை, கடைசியில் கிண்ணத்தில் பாயசம். பாடப்புத்தகக்காரர்கள் இப்படித் தொடராகக் கிடைத்தால் நான்கைந்தாக வாங்குவார்கள். மாம்பழப் பருவத்தில் மல்கோவாவை முழுதாகவும், வெட்டியும், வைக்கோலில் அடுக்கியும் எடுங்கள். வெள்ளைப் பின்னணியில் ஒன்று கட்டாயம்.

சாப்பாட்டுப் படத்துக்கு தட்டுவடை செட்டைவிட நல்ல பொருள் இந்த ஊரில் இல்லை என்பது என் கருத்து. ஆனால் வேகம் வேண்டும். காரட், பீட்ரூட் துருவலும் சட்னியும் வைத்த சில நிமிடங்களில் வடை நமத்துவிடும், பீட்ரூட் சாயம் வெங்காயத்தில் இறங்கிவிடும். தட்டு, வெளிச்சம், கோணம் எல்லாவற்றையும் வெறும் வடையை வைத்துச் சரிபார்த்துவிட்டு, கடைசியில் துருவலைப் போடச் சொல்லி உடனே எடுங்கள். படத்தின் ஒரு பக்கம் எழுத்துப் போட வெற்றிடம் விடுங்கள். விளம்பரம் செய்பவர்களுக்கு அந்த வெற்றிடம்தான் முக்கியம்.

ஜவ்வரிசிக் களத்துல எடுத்தா எல்லாமே வெள்ளையா வெந்துபோன மாதிரி வருதே?

உச்சி வெயிலில் போகிறீர்கள். வெள்ளை மணி, சிமென்ட் களம், தலைக்கு மேல் சூரியன் மூன்றும் சேர்ந்தால் ஒரு மணிக்கும் இன்னொரு மணிக்கும் வித்தியாசம் தெரியாது. காலையில், வெயில் சாய்வாக விழும்போது போங்கள். பலகையால் இழுத்துப் பரப்பிய வரிகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு நிழல் விழும். படத்துக்கு அந்த நிழல்தான் உயிர். திரையில் தொட்டு எக்ஸ்போஷரை, அதாவது படத்தின் வெளிச்ச அளவை, ஒன்றிரண்டு படி குறைத்துக்கொள்ளுங்கள். இருட்டாகத் தெரிந்தால் பிறகு ஏற்றலாம். வெளுத்துப்போனதை மீட்க முடியாது.

களத்தின் நடுவில் நடந்து போய் எடுக்காதீர்கள். அது தின்னும் பொருள், செருப்புத் தடம் படத்திலும் விழும், முதலாளி அடுத்த முறை உள்ளே விடவும் மாட்டார். ஓரத்தில் குந்தி உட்கார்ந்து கேமராவைத் தரைக்குச் சமமாகப் பிடித்தால் களம் கண்ணுக்கெட்டிய தூரம் வரை நீளும்.

காபிப் பூ எப்ப பூக்கும்? போறப்பல்லாம் காயாத்தான் இருக்கு.

மார்ச், ஏப்ரலில் ஒரு நல்ல மழை பெய்ய வேண்டும். பெய்து ஒரு வாரம், பத்து நாளில் தோட்டம் முழுக்க ஒரே நேரத்தில் வெள்ளையாகப் பூக்கும். இரண்டு மூன்று நாளில் வாடிவிடும். அதனால் சனி, ஞாயிறை நம்பிப் பயனில்லை. எஸ்டேட்டில் தெரிந்தவர் ஒருவரிடம் 'மழை பெய்தால் ஒரு போன் போடுங்க' என்று சொல்லிவைப்பதே வழி. பழம் பறிப்பது நவம்பரில் தொடங்கும். ஒரே கொத்தில் பச்சை, மஞ்சள், சிவப்பு மூன்றும் இருக்கும் கிளையைத் தேடுங்கள்.

தலைப்பு, கீவேர்டெல்லாம் எப்படிப் போடறது? எனக்கு இங்கிலீஷ் அவ்வளவா வராது.

வாங்குபவர்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் தேடுகிறார்கள், ஆகவே ஆங்கிலத்தில்தான் போட வேண்டும். இலக்கணம் தேவையில்லை, பொருளின் சரியான பெயர் தேவை. தலைப்பில் யார், என்ன, எங்கே என்று ஒரே வரியில் சொல்லுங்கள். கீவேர்டுகள், அதாவது வாங்குபவர் தேடும் சொற்கள், அடோபியில் 49 வரை போடலாம், முதல் பத்துக்கு முக்கியத்துவம் அதிகம். ஷட்டர்ஸ்டாக்கில் குறைந்தது 7, அதிகம் 50. இடம் இருக்கிறதே என்று சம்பந்தமில்லாத வார்த்தைகளை அடைக்காதீர்கள். தாவரமென்றால் அறிவியல் பெயரையும் சேருங்கள். காபிக்குக் காஃபியா அராபிகா, குச்சிக்கிழங்குக்கு மேனிஹாட் எஸ்குலென்டா.

நம் ஊர்க்காரர்களுக்கு மட்டும் ஒரு தனிச் சிக்கல். சேலம் என்று மட்டும் போட்டால் அமெரிக்காவில் மாசசூசெட்ஸ், ஓரிகன் மாநிலங்களில் இருக்கும் சேலம் நகரங்களின் படங்களோடு உங்கள் படமும் போய் நிற்கும். சூனியக்காரி பொம்மைகளுக்கு நடுவில் கொலுசுப் பட்டறை! தமிழ்நாடு, இந்தியா, ஏற்காடு, சேர்வராயன் மலை என்று கூடவே போடுங்கள்.

பத்து அனுப்புனா எட்டு ரிஜெக்ட் ஆகுது. என்ன காரணம்?

போன் கேள்வியில் சொன்ன இரைச்சல், மழுப்பல் முதல் காரணம். முழு அளவுக்குப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு அனுப்பினால் பாதிப் படங்களை நீங்களே நீக்கிவிடுவீர்கள். அடுத்தது, ஒரே காட்சியைக் கொஞ்சம் கொஞ்சம் நகர்த்தி எடுத்த பன்னிரண்டு படங்களையும் அனுப்புவது. இரண்டு போதும். மூன்றாவது, பிராண்ட் பெயர்கள். பின்னணியில் குளிர்பான விளம்பரம், பைக்கின் சின்னம், மூட்டையில் அச்சடித்த கம்பெனிப் பெயர், டீ ஷர்ட்டில் எழுத்து. எடுக்கும்போதே திருப்பி வையுங்கள். அப்புறம் நிறத்தை ஏற்றி ஏற்றி ஏற்காட்டு இலையைப் பிளாஸ்டிக் பச்சையாக்குவது. இதற்கு நான் எதுவும் சொல்லப்போவதில்லை.

ஒரே படத்த நாலு சைட்ல போடலாமா? இன்ஸ்டாகிராம்ல ஏற்கெனவே போட்டதை?

பிரத்யேக ஒப்பந்தம் போடாத வரை எத்தனை தளத்திலும் போடலாம். இன்ஸ்டாகிராமில் போட்டதும் தடையில்லை. ஆனால் அன்ஸ்பிளாஷ், பெக்ஸல்ஸ், பிக்ஸாபே போன்ற இலவசத் தளங்களில் ஒரு படத்தைக் கொடுத்துவிட்டால் அதை விற்பனைக்கென்று மறந்துவிடுங்கள். சும்மா கிடைப்பதை எவரும் காசு கொடுத்து வாங்கமாட்டார்கள்.

ரோட்ல போற வர்ற ஆளுங்க முகம் தெரிஞ்சா பிரச்சினையா?

படம் எதற்குப் பயன்படப்போகிறது என்பதைப் பொறுத்தது. விளம்பரத்துக்கும் பொருள் விற்கவும் பயன்படுத்தினால் அது வணிகப் பயன்பாடு. அடையாளம் தெரியும் ஒவ்வொருவரிடமும் கையெழுத்திட்ட சம்மதப் படிவம் வேண்டும். மாடல் ரிலீஸ் என்று எல்லாத் தளங்களிலும் வைத்திருப்பார்கள். பதினெட்டு வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோர் கையெழுத்து. செய்தி, கட்டுரை, பாடப்புத்தகம் என்றால் அது எடிட்டோரியல். அதற்குப் படிவம் தேவையில்லை, ஆனால் அந்தப் படம் விளம்பரத்துக்குப் போகாது. விற்பனை வாய்ப்பும் குறைவு.

காபி பறிக்கும் அம்மாக்களிடம் ஆங்கிலப் படிவத்தை நீட்டிக் கைநாட்டு வாங்குவது எனக்குப் பிடிக்காத காரியம். 'அக்கா, இந்தப் படம் வெளிநாட்டு விளம்பரத்துலகூட வரலாம், எனக்கு அதுல காசு வரும்' என்று தமிழில் முழுதாகச் சொல்லுங்கள். வேண்டாம் என்றால் கையை மட்டும் எடுங்கள். பழம் பறிக்கும் கையும் கூடையும் உள்ள படத்துக்குப் படிவத் தொல்லை பெரும்பாலும் இருக்காது.

குகை வண்டி வேடிக்கைய எடுத்து விக்கலாமா?

எடிட்டோரியலாக மட்டும். சேலம் குகைப் பகுதியின் ஆடித் திருவிழாவில் சாமி வேஷம் கட்டி வண்டியில் வருபவர்களும், வேடிக்கை பார்க்கும் கூட்டமும் எல்லாம் முகம்தானே. ஷட்டர்ஸ்டாக், அலாமி போன்றவை இப்படிப்பட்டவற்றை ஏற்கும். விளக்கவரியில் சேலம், இந்தியா, எடுத்த நாள், என்ன நடக்கிறது என்பதை உள்ளபடி எழுத வேண்டும். படத்தில் எதையும் அழிக்கவோ சேர்க்கவோ கூடாது. மின்கம்பி குறுக்கே வந்தால் வரட்டும். படத்தைத் திருவிழா முடிந்து மூன்று மாதம் கழித்து ஏற்றாமல் அன்றைக்கே ஏற்றுங்கள்.

கோயில், சிலையெல்லாம் எடுக்கலாமா? முத்துமலை முருகன் போட்டோ சூப்பரா வச்சிருக்கேன்.

கோயிலுக்கு உள்ளே முயற்சியே வேண்டாம். 2022 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தமிழகக் கோயில்களுக்குள் செல்போனைத் தடை செய்யச் சொல்லியிருக்கிறது. கோபுரத்தை வெளியிலிருந்து எடுப்பது வேறு.

புத்திரகவுண்டன்பாளையத்து 146 அடி முத்துமலை முருகன் போன்ற சிலைகளுக்கு இரண்டு பதில். 1957 காப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பொதுமக்கள் போய்வரும் இடத்தில் நிரந்தரமாக நிற்கும் சிலையைப் படம் எடுத்து வெளியிடுவதைக் காப்புரிமை மீறல் அல்ல என்கிறது. கட்டடங்களுக்கும் அப்படியே. ஆனால் ஸ்டாக் தளம் இந்தியச் சட்டத்தைப் பார்த்து முடிவெடுப்பதில்லை. வணிகப் பயன்பாட்டுக்கு உரிமையாளரின் கையெழுத்தைக் கேட்கும். எடிட்டோரியலாகப் போடுங்கள்.

கொலுசுப் பட்டறை, எஸ்டேட் உள்ள போய் எடுக்க அனுமதி வாங்கணுமா?

தனியார் இடம், வாங்கத்தான் வேண்டும். வாய்மொழியாகச் சரி என்பது உள்ளே போக உதவும். இடம் அடையாளம் தெரியும்படி விளம்பரத்துக்கு விற்க, இடத்துக்கான சம்மதப் படிவமும் வேண்டும். கொலுசுப் பட்டறையில் இன்னொன்று கவனியுங்கள். புது டிசைன் மேஜையில் கிடந்தால் அதை எடுக்காதீர்கள். பக்கத்துப் பட்டறைக்காரர் பார்த்துவிட்டால் உங்களை உள்ளே விட்டவருக்குத்தான் நஷ்டம். தீயும், வெள்ளிக் கம்பியும், இடுக்கி பிடித்த விரலும் போதும். காட்டுப் பகுதிக்குள் போவதென்றால் வனத்துறையைக் கேட்காமல் போகாதீர்கள். ஏற்காட்டில் காட்டெருமை இருக்கிறது, அது படிவம் எதுவும் கேட்காது.

நான் கல்யாண ஸ்டுடியோவுல இருக்கேன். ஹார்டு டிஸ்க்ல ஆயிரக்கணக்குல படம் கிடக்கு, அதை விக்கலாமா?

கூடாது. எடுத்தவர்தான் உரிமையாளர் என்பது பொதுவிதி. ஆனால் காப்புரிமைச் சட்டம் 17ஆம் பிரிவின்படி, ஒருவர் காசு கொடுத்து எடுக்கச் சொன்ன போட்டோவுக்கு, மாற்று ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில், காசு கொடுத்தவரே முதல் உரிமையாளர். நீங்கள் சம்பளத்துக்கு எடுத்திருந்தால் சிக்கல் இன்னும் கூடும். மணப்பெண்ணின் கை மருதாணி மட்டும்தானே என்றாலும் அதே சட்டம்தான். மருதாணிக் கை வேண்டுமென்றால் வீட்டில் தங்கச்சியை உட்கார வைத்து எடுத்துக்கொள்ளுங்கள், படிவத்தோடு.

டிரோன் வச்சு எடுத்தா நல்ல ரேட்டாமே?

படம் வித்தியாசமாக இருக்கும், உண்மைதான். 2021 டிரோன் விதிகளின்படி 250 கிராமுக்கு மேற்பட்ட டிரோனை வியாபாரத்துக்குப் பறக்கவிட பைலட் சான்றிதழ் வேண்டும். ஸ்டாக்கில் விற்பதும் வியாபாரமே. காமலாபுரம் விமான நிலையத்தைச் சுற்றியுள்ள பகுதிக்குக் கட்டுப்பாடு தனி. பறக்கவிடும் முன் அரசின் டிஜிட்டல் ஸ்கை இணைய வரைபடத்தில் அந்த இடம் எந்த நிறத்தில் இருக்கிறது என்று பாருங்கள். அணை, மின்நிலையம் பக்கம் கொண்டு போகவே வேண்டாம்.

பணம் எப்படி நம்ம பேங்குக்கு வரும்?

பேபால் அல்லது பேயோனீர் என்ற இணையப் பணப் பரிமாற்றச் சேவை வழியாக. டாலரில் சேரும். அடோபியில் 25 டாலர் சேர்ந்த பிறகுதான் எடுக்க முடியும், முதல் விற்பனை நடந்து 45 நாளும் ஆகியிருக்க வேண்டும். பேபால் 2021 ஏப்ரலில் இந்தியாவுக்குள்ளான பரிமாற்றத்தை நிறுத்தியது உண்மை. வெளிநாட்டிலிருந்து வரும் பணத்துக்கு அது பொருந்தாது. ரூபாயாக மாற்றும்போது கொஞ்சம் பிடித்துக்கொள்வார்கள். பான் அட்டை, வங்கிக் கணக்கு, தளத்தில் கொடுத்த பெயர் மூன்றிலும் எழுத்து மாறாமல் இருக்கட்டும். இனிஷியல் முன்னே பின்னே இருந்தே பணம் நின்றவர்கள் உண்டு.

அமெரிக்கா வரி ஃபார்ம் ஒண்ணு கேக்குதே, பயமா இருக்கு. இங்கயும் வரி கட்டணுமா?

அது டபிள்யூ-8பென் படிவம். 'நான் அமெரிக்கர் இல்லை, இந்தியாவில் வசிக்கிறேன்' என்று சொல்வது, அவ்வளவே. பான் எண்ணைப் போட்டு, இந்திய–அமெரிக்க வரி ஒப்பந்தத்தைத் தேர்ந்தெடுத்தால் அமெரிக்க வாடிக்கையாளரிடமிருந்து வரும் ராயல்டியில் 15 சதவீதம் பிடிப்பார்கள். நிரப்பாமல் விட்டால் 30 சதவீதம். மற்ற நாட்டு விற்பனைக்கு இந்தப் பிடித்தம் இல்லை.

இங்கே வருமானவரிக் கணக்கில் இதைக் காட்டத்தான் வேண்டும், தொகை சிறிதானாலும். அங்கே பிடித்ததை இங்கே கழித்துக்கொள்ள வழி இருக்கிறது, ஆடிட்டரிடம் சொன்னால் செய்துதருவார். ஜிஎஸ்டி பற்றியும் கேட்கிறார்கள். சேவைக்கு 20 லட்சம் ஆண்டு வரவைத் தாண்டினால்தான் பதிவு பற்றிய பேச்சே. மாதம் எவ்வளவு வரும் என்ற கேள்விக்கான பதிலை மறுபடி படித்தால் அந்தக் கவலை தீரும்.

நான் கவர்மென்ட் ஸ்கூல் டீச்சருங்க. பண்ணலாமா?

தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகள், 1973 இருக்கின்றன. தொடர்ந்து வருமானம் வரும் எதுவானாலும் உங்கள் அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்டு, அனுமதி வாங்கிவிட்டுத் தொடங்குங்கள். வீட்டுக்காரர் பெயரில் கணக்குத் தொடங்கி நீங்கள் எடுப்பது வேண்டாம் டீச்சர். படத்தை எடுத்தது கணக்கு வைத்திருப்பவரே என்று உறுதிமொழி கேட்கும் தளங்கள் இவை.

ஏஐ வந்துருச்சே. இனி போட்டோவ யாரு வாங்குவாங்க?

கைகுலுக்கும் கோட்டு சூட்டு, வெள்ளைப் பின்னணி ஆப்பிள், பொதுவான சூரிய அஸ்தமனம், இவற்றுக்கெல்லாம் சந்தை சுருங்கிக்கொண்டே போகும் என்றுதான் நினைக்கிறேன். உண்மையான இடம், உண்மையான தொழில், உண்மையான நாள் தேவைப்படும் படத்துக்கு அப்படி இல்லை. 'சேலத்தில் சேகோ ஆலை' என்று கேட்டுப் பாருங்கள், பிளாஸ்டிக் மணியும் சீனத் தொப்பியுமாக ஏதோ ஒன்று வந்தால் ஆச்சரியப்படாதீர்கள். செய்தித்தளம் அதைப் போட்டால் சேலத்துக்காரரே திட்டி எழுதுவார்.

ஏஐ படத்தை நாமே செய்து விற்கலாமா என்றால் தளத்துக்குத் தளம் விதி வேறு. கெட்டியும் ஐஸ்டாக்கும் 2022 செப்டம்பரிலேயே தடை செய்துவிட்டன. ஷட்டர்ஸ்டாக் நம்மிடமிருந்து வாங்குவதில்லை. அடோபி, ஏஐ என்று குறிப்பிட்டால் ஏற்கிறது. மறைத்துப் போட்டால் கணக்கே போய்விடும்.

என் படம் ஒரு நியூஸ் சைட்ல வந்திருக்கு, எனக்குக் காசு வரல. திருட்டுதானே?

அவசரப்பட்டுச் சண்டைக்குப் போகாதீர்கள். சந்தா வழியாக முறையாக வாங்கியிருக்கலாம், பத்து இருபது ரூபாயாக உங்கள் கணக்கில் பெயர் தெரியாமல் விழுந்திருக்கலாம். படத்தின் அடியில் தளத்தின் பெயர் இருக்கிறதா பாருங்கள், இருந்தால் பெரும்பாலும் வாங்கியதுதான். கூகுள் லென்ஸில் தேடினால் வேறு எங்கெல்லாம் இருக்கிறது என்று தெரியும். வாட்டர்மார்க்கோடு போட்டிருந்தாலோ, எங்கேயும் விற்காத படம் என்றாலோ அது திருட்டு. ஸ்கிரீன்ஷாட் எடுத்துவைத்துக்கொண்டு, முதலில் மரியாதையாக ஒரு மின்னஞ்சல். பதில் இல்லையென்றால் அந்தத் தளத்துக்கு இணையத்தில் இடம் கொடுக்கும் (ஹோஸ்டிங்) நிறுவனத்துக்குக் காப்புரிமைப் புகார். மூல ஃபைலை அழிக்காதீர்கள், உங்கள் படம் என்பதற்கு அதுவே சாட்சி.

காபித்தூள் கடைக்காரர் ஒருத்தர் பாக்கெட்ல போட என் படத்த நேரடியாக் கேக்கறார். என்ன ரேட் சொல்லட்டும்?

ரேட்டுக்கு முன்னால் ஒரு கேள்வி: இந்தப் படம் ஏற்கெனவே ஸ்டாக்கில் இருக்கிறதா? இருந்தால் 'உங்களுக்கு மட்டும்' என்று அவருக்குக் கொடுக்க முடியாது. யாரோ ஏற்கெனவே வாங்கியிருக்கக்கூடும், நாளைக்குப் போட்டிக் கடை அதே படத்தைச் சில ரூபாய்க்கு வாங்கி ஒட்டினாலும் கேட்க முடியாது. இதை அவரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். அவருக்கென்றே புதிதாக எடுத்துத் தருவதானால், 17ஆம் பிரிவு பற்றி மேலே சொன்னது திரும்ப வரும். எழுத்தில் வேறு மாதிரி இல்லையென்றால் உரிமை அவருக்குப் போய்விடும்.

நேரடியாக விற்கும்போது ஸ்டாக் விலையை அளவுகோலாக வைக்காதீர்கள். ஏற்காட்டு ஹோம்ஸ்டே அறையில் மாட்ட ஒரு பிரின்ட் கேட்பதும், ஆயிரக்கணக்கான பாக்கெட்டில் அச்சடிப்பதும் ஒன்றல்ல. எத்தனை பாக்கெட், எத்தனை வருடம், பலகையிலும் விளம்பரத்திலும் போடுவாரா, வேறு யாருக்கும் விற்கக்கூடாதா என்று நான்கையும் கேட்டுவிட்டு விலை சொல்லுங்கள். கடைசியாகச் சொன்ன நிபந்தனைக்குத் தனியாகக் காசு. தெரிந்தவர்தானே என்று விடாமல் இந்த நான்கையும் ஒரு தாளில் தமிழில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு, ஆளுக்கொரு நகல். பாதிப் பணம் முன்னால், மீதி வந்த பிறகு பெரிய ஃபைல். அதுவரை காட்டுவதற்கு வாட்ஸ்அப்பில் சுருங்கிப்போன படமே போதும்.